மாடி ஏவியரி சுத்தம் பண்றது எப்படி: கழுவுறதை விட காய வைக்கிறது தான் பெரிய வேலை

மொட்டை மாடியிலயோ வீட்டு பின்பக்கமோ வெல்டு மெஷ் கம்பி வலை அடிச்சு, ஆள் உள்ள நுழையுற அளவு பெரிய பறவைக்கூண்டு, அதான் ஏவியரி, கட்டி அதுல கொஞ்சம் பட்ஜீஸ் (கடையில லவ் பேர்ட்ஸ்னு சொல்ற சின்னக் கிளி), ஒண்ணு ரெண்டு ஜோடி காக்டெயில் (கொண்டை வச்ச கிளி), கூட ஃபிஞ்சஸ் (குருவி மாதிரி சின்னப் பறவை)னு வச்சிருக்கிறவங்களுக்கு தான் இது. சின்ன கூண்டா இருந்தா பறவையை வேற கூண்டுக்கு மாத்திட்டு அப்படியே தூக்கிட்டு போய் குழாயடியில வச்சு தேய்ச்சிடலாம், ஏவியரியில அது நடக்காது, பறவைங்க உள்ள இருக்கும்போதே தான் நாமளும் உள்ள நுழைஞ்சு பெருக்கணும் துடைக்கணும். அதனால என்ன போட்டு கழுவுறோம், எந்த நேரத்துல கழுவுறோம்ங்கிறது எல்லாமே நேரா அதுங்க மூச்சுல போய் நிக்கும். என்னைக் கேட்டா இதுல முக்கால்வாசி வேலை ரெண்டே விஷயம் தான், தூசி பறக்காம அள்ளுறது, அள்ளின இடத்தை இருட்டுறதுக்குள்ள காய விடுறது. பளபளன்னு மின்னணும்னு ஆசைப்பட்டு தினமும் ஹோஸ் பைப் பிடிச்சு ஊத்துறவங்க ஏவியரியை விட, கொஞ்சம் அழுக்கா ஆனா காஞ்சு கிடக்கிற ஏவியரி தான் பறவைக்கு நல்லது.

முதல்ல தூசி விஷயம். எச்சம் ஈரமா இருக்கும்போது பெருசா பிரச்சனை இல்ல, காஞ்சு தூளாகி நாம விளக்குமாறால சர்ரு சர்ருன்னு பெருக்கும்போது தான் அது காத்துல கலந்து நம்ம மூக்குக்குள்ளயும் அதுங்க மூக்குக்குள்ளயும் போகுது. சிட்டகோசிஸ்னு ஒரு நோய் இருக்கு, கிளமிடியா சிட்டசிங்கிற பாக்டீரியாவால வர்றது, கிளி ஜாதி பறவைங்ககிட்ட இருந்து காஞ்ச எச்சத்தூசி வழியா மனுஷனுக்கு வரும், காய்ச்சல் தலைவலி வறட்டு இருமல்னு ஆரம்பிச்சு நிமோனியா வரைக்கும் போகலாம். அடிக்கடி வர்ற நோய் இல்ல, பயந்து பறவையை வித்துட வேண்டாம், ஆனா பறவை வளர்க்கிற வீட்டுல யாருக்காவது இருமல் காய்ச்சல் விடாம இருந்தா டாக்டர்கிட்ட வீட்டுல பறவை இருக்குன்னு நீங்களே சொல்லணும், அவங்களா கேக்க மாட்டாங்க. காக்டெயில் இருந்தா இன்னும் கொஞ்சம் கூடுதல் கவனம், அதோட ரெக்கையில இருந்து டால்கம் பவுடர் மாதிரி வெள்ளைத் தூள் எப்பவும் கொட்டிக்கிட்டே இருக்கும், ஆஸ்துமா இருக்கிறவங்க உள்ள போகவே கூடாது.

அதனால பெருக்குறதுக்கு முன்னாடி ஒரு ஸ்ப்ரே பாட்டில்ல வெறும் தண்ணி எடுத்து தரையிலயும் ட்ரேயிலயும் லேசா அடிங்க, ஊற வேணாம், தூசி அமுங்குற அளவுக்கு போதும், ரெண்டு மூணு நிமிஷம் விட்டுட்டு அள்ளுங்க. மாஸ்க் கட்டாயம். பெயின்டர்ஸ் பட்டி பார்க்க வச்சிருப்பாங்கள்ல அந்த பிளேடு ஹார்டுவேர் கடையில சல்லிசா கிடைக்கும், தரையில ஒட்டிப்போன எச்சத்தை சுரண்ட அதை விட நல்ல சாமான் எதுவும் இல்ல. வீட்டு வேக்குவம் கிளீனரை உள்ள கொண்டு போகாதீங்க, முன்னாடி உறிஞ்சிட்டு பின்னாடி நைஸ் தூசியை ஊதி விடும், சத்தத்துக்கு பறவை மெஷ்ல போய் மோதும்.

தினமும் செய்ய வேண்டியது கொஞ்சம் தான், ஆனா அதை விடக்கூடாது. தண்ணி காலையில ஒரு தடவை, வெயில் நாள்ல மதியமும் ஒரு தடவை மாத்துங்க. மாத்துறதுன்னா பழசை கொட்டிட்டு புதுசை ஊத்துறது இல்ல, கிண்ணத்து உள்பக்கம் விரலை வச்சு தேய்ச்சு பாருங்க, வழவழன்னு இருக்கா? அது பாக்டீரியா கட்டின படலம், ஸ்க்ரப்பர் போட்டு தேய்ச்சா தான் போகும். ரெண்டு செட் கிண்ணம் வச்சுக்கோங்க, ஒண்ணு உள்ள இருக்கும்போது இன்னொண்ணு கழுவி வெயில்ல கவுத்து வைக்கலாம். பிளாஸ்டிக்கை விட எவர்சில்வர் நல்லது, கீறல் விழுந்த பிளாஸ்டிக்ல அழுக்கு உள்ள போய் உக்காந்துக்கும். போர் தண்ணி உப்பா இருக்கிற ஏரியாவுல கிண்ணத்துல வெள்ளையா படியும், அதுக்கு கொஞ்சம் வினிகர் ஊத்தி ஊற வச்சு கழுவினா போயிடும். முக்கியமா பெர்ச்சுக்கு, அதாவது பறவை உக்கார்ற குச்சிக்கு, நேர் கீழ தண்ணி கிண்ணமோ தீனி கிண்ணமோ வைக்காதீங்க, இதை ஒண்ணு சரி பண்ணாலே பாதி கழுவல் வேலை குறையும்.

தினை போடுறவங்க கவனிக்க வேண்டிய ஒண்ணு, பட்ஜீஸ் தினையை அங்கயே உரிச்சு சாப்பிட்டுட்டு உமியை அதே கிண்ணத்துல விட்டுடும், மேல பாத்தா கிண்ணம் ஃபுல்லா இருக்கிற மாதிரி தெரியும், கீழ ஒரு மணி கூட இருக்காது. தினமும் காலையில கிண்ணத்தை வெளிய எடுத்து உமியை ஊதி விட்டு பாருங்க, இல்லன்னா முறத்துல போட்டு வீட்டுல அம்மா அரிசி புடைக்கிற மாதிரி ஒரு புடை புடைச்சா உமி தனியா போயிடும். ஏவியரிக்குள்ளயே நின்னு ஊதாதீங்க. முளைகட்டின பயறு, கீரை, கேரட், வேக வச்ச முட்டை இதெல்லாம் போட்டா ரெண்டு மூணு மணி நேரத்துல மிச்சத்தை எடுத்துடணும், நம்ம ஊர் சூட்டுக்கு முட்டை மதியத்துக்கெல்லாம் கெட்டுடும், காலையில போட்டுட்டு ஆபீஸ் போயிட்டு சாயங்காலம் வந்து எடுக்கிற ஆளா இருந்தா முட்டையை லீவு நாளுக்கு வச்சுக்கோங்க.

தரைக்கு என்ன போடுறதுன்னு ஆளாளுக்கு ஒண்ணு சொல்வாங்க. என் கட்சி நியூஸ்பேப்பர் கட்சி. சிமெண்ட் தரையில பேப்பர் விரிச்சா தினமும் சுருட்டி எடுத்துடலாம், அதை விட பெரிய லாபம் எச்சம் எப்படி இருக்குன்னு தெளிவா தெரியும், பச்சைப் பகுதியும் வெள்ளைப் பகுதியும் தனித்தனியா கெட்டியா இருந்தா சரி, ரெண்டு நாளா தண்ணியா போகுது, மஞ்சளா இருக்கு, முழு தானியம் அப்படியே வருதுன்னா பறவை டாக்டர்கிட்ட போகணும். மரத்தூள் போட்டா இதெல்லாம் தெரியாது, அதோட மரத்தூளும் உமியும் ஈரம் பட்டா பூஞ்சை பிடிக்கும், அஸ்பெர்ஜில்லஸ்னு ஒரு பூஞ்சை, பறவையோட காத்துப் பைகள்ல போய் வளர்ந்துடும், வைத்தியம் ரொம்ப கஷ்டம். ஆத்து மணல் போட்டவங்க வாரம் ஒரு தடவை சல்லடையில சலிச்சு, மாசம் ஒரு தடவை மாத்திடுங்க.

வாரத்துல ஒரு நாள் கொஞ்சம் பெரிய ரவுண்டு. இதை காலையில 8 மணிக்கெல்லாம் ஆரம்பிச்சுடுங்க, சாயங்காலம் கழுவினீங்கன்னா ராத்திரி முழுக்க ஈரத்துல உக்காந்திருக்கும், அதுல சளி பிடிக்கிறது குஞ்சுங்க தான். பெர்ச்சு எல்லாத்தையும் கழட்டி எச்சத்தை சுரண்டி சோப்பு தண்ணியில தேய்ச்சு வெயில்ல போடுங்க. பெர்ச்சு ரெண்டு செட் இருந்தா இதுவும் ஈசி. கொய்யா கிளை, வேப்பங்கிளை நல்லது, வெவ்வேற தடிமன்ல வைங்க, ஒரே சைஸ் உருண்டை குச்சி, அதை விட மோசம் பிவிசி பைப், இதுல மாசக்கணக்கா நின்னா பாதத்துல ஒரே இடத்துல அழுத்தம் விழுந்து புண்ணாகும். கிளை வெட்டும்போது அரளி பக்கம் போகவே போகாதீங்க, இலை பட்டை எல்லாமே விஷம். ரோட்டோர மரத்துல வெட்டினா நல்லா தேய்ச்சு கழுவி காய வச்சு தான் உள்ள போடணும், காக்கா எச்சம் எல்லாம் இருக்கும் அதுல.

இப்ப கிருமிநாசினி. நிறைய பேர் இங்க தான் சொதப்புறாங்க, எச்சத்து மேலயே பிளீச்சிங் ஊத்திட்டு கிருமி செத்துடும்னு நினைக்கிறாங்க. அழுக்கு இருக்கிற இடத்துல பிளீச் வேலை செய்யாது, அழுக்கோடயே அதோட சக்தி தீந்துடும். முதல்ல சுரண்டணும், அப்புறம் சோப்பு தண்ணி, அப்புறம் நல்ல தண்ணி, அதுக்கு அப்புறம் தான் பிளீச். வீட்டுக்கு வாங்குற 5 சதவீத பிளீச் லிக்விட்னா 1 பங்குக்கு 30 பங்கு தண்ணி வழக்கமான சுத்தத்துக்கு போதும், ஏதாவது பறவை சீக்கு வந்து செத்துப் போன இடம்னா 1க்கு 10 போடலாம். ஊத்தின உடனே துடைக்காம 10 நிமிஷம் ஈரமாவே விடணும், அப்புறம் வாசனை போற வரைக்கும் தண்ணி விட்டு கழுவி வெயில்ல காய விடணும். அன்னன்னைக்கு கலக்குறது தான் வேலை செய்யும், நேத்து கலந்து வச்சது வீண். பிளீச் போடும்போது மட்டும் பறவைங்களை கண்டிப்பா வெளிய எடுத்து வேற கூண்டுல வேற இடத்துல வச்சுடுங்க. வினிகரோடயோ ஆசிட் கலந்த பாத்ரூம் கிளீனரோடயோ பிளீச் சேரவே கூடாது, குளோரின் கேஸ் வரும், பறவைக்கு மட்டும் இல்ல உங்களுக்கும் ஆபத்து. இந்த பிளீச் ரவுண்டு மாசம் ஒரு தடவை இருந்தா தாராளம், மத்த வாரமெல்லாம் சோப்பும் தண்ணியும் வெயிலும் போதும். நம்ம ஊர் வெயில் இலவசமா கிடைக்குது.

ஃபினாயில் வேண்டவே வேண்டாம். வாசனையா இருக்கு, எறும்பு வராதுன்னு எல்லாம் பாட்டி காலத்துல இருந்து ஊத்துறோம் தான், ஆனா பறவை மூச்சு விடுற விதம் வேற, நுரையீரலோட சேர்த்து உடம்பு முழுக்க காத்துப் பைகள் இருக்கு, ஒவ்வொரு மூச்சுலயும் காத்துல இருக்கிறதை நம்மளை விட அதிகமா உள்ள இழுத்துக்கும். அதே காரணத்துக்காக பாச்சா உருண்டை, கொசுவத்தி, ரூம் ஸ்ப்ரே, ஊதுபத்தி, வெள்ளிக்கிழமை சாம்பிராணி எல்லாமே ஏவியரி பக்கம் வரக்கூடாது. சாம்பிராணி போட்டே ஆகணும்னா ஏவியரி இருக்கிற பக்கத்து ஜன்னலை சாத்திட்டு போடுங்க, மாமியாரோட சண்டை போடுறதை விட இது சுலபம். பால்கனி கிச்சன் பக்கம் இருந்தா நான்ஸ்டிக் தவாவை காலியா அடுப்புல விட்டுடாதீங்க, ஓவரா சூடானா அந்த கோட்டிங்ல இருந்து வர்ற புகைக்கு பறவை நிமிஷக்கணக்குல செத்துடும்.

மெஷ் புதுசா அடிச்சிருந்தா ஒரு வேலை பாக்கி இருக்கு. ஜிஐ மெஷ் மேல இருக்கிற துத்தநாகப் பூச்சுல சில இடத்துல சொட்டு சொட்டா, தூள் தூளா நிக்கும், பட்ஜீஸும் காக்டெயிலும் ஏறும்போதெல்லாம் அலகால தான் பிடிச்சு ஏறும், அதை நக்கி கடிச்சு உள்ள போனா அந்த துத்தநாகம் (ஜிங்க்) விஷமா ஏறும். கம்பி பிரஷ்ஷுல வினிகர் தொட்டு முழுசா தேய்ச்சு, தண்ணி விட்டு கழுவி, முடிஞ்சா சில வாரம் வெயில் மழையில போட்டுட்டு அப்புறம் பறவை விடுங்க. பழைய மெஷ்ஷா இருந்தா மாசம் ஒரு தடவை மூலை மூலையா கைய வச்சு அழுத்தி பாருங்க, வெல்டு விட்டு கம்பி நீட்டிக்கிட்டு இருந்தா கால் வளையம் மாட்டிக்கும், துரு ஏறின இடம் கடற்கரை பக்கம் இருக்கிற வீடுகள்ல சீக்கிரம் ஓட்டையாகும், அந்த துண்டை வெட்டிட்டு புதுசு வச்சு கட்டுங்க. பெயின்ட் அடிச்சு மறைக்காதீங்க, அதையும் கொத்தி தின்னும்.

பறவை முட்டை வைக்க உள்ள கட்டி விடுற மண் பானைக்கு வருவோம். முட்டை இருக்கும்போது, குஞ்சு சின்னதா இருக்கும்போது பானையை கிளீன் பண்றேன்னு கலைக்காதீங்க. பட்ஜீஸ் ஒரு முட்டைக்கு 18 நாள் கிட்ட அடைகாக்கும், குஞ்சு பானையை விட்டு வெளிய வர 30ல இருந்து 35 நாள் ஆகும், அது வரைக்கும் பொறுங்க. குஞ்சுங்க நாலஞ்சு இருந்தா மட்டும், ரெண்டு வாரத்துக்கு மேல ஆனப்புறம், அம்மா பறவை தீனி சாப்பிட வெளிய வர்ற நேரமா பாத்து குஞ்சுங்களை ஒரு துணி விரிச்ச கிண்ணத்துல வச்சுட்டு பழைய ஈரக் குப்பையை எடுத்துட்டு திரும்ப வச்சிடலாம், வேகமா முடிக்கணும். அப்படியே கால் விரலை பாருங்க, எச்சம் உருண்டையா காஞ்சு விரல் நுனியில ஒட்டியிருக்கும், அப்படியே பிச்சு எடுத்தா நகத்தோட வந்துடும், வெதுவெதுப்பான தண்ணியில ஊற வச்சு மெதுவா கரைச்சு எடுங்க. ஒரு ஈடு முடிஞ்சதும் பானையை வெந்நீர் ஊத்தி தேய்ச்சு ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல வைங்க, மண் பானை தண்ணியை உள்ள குடிச்சு வச்சிருக்கும், மேல காஞ்ச மாதிரி இருந்தாலும் உள்ள ஈரம் இருக்கும். விரிசல் விட்ட பானையை தூக்கி போடுங்க, அந்த விரிசல் தான் செள்ளுங்கிற ரத்தம் குடிக்கிற சின்னப் பூச்சி குடியிருக்கிற இடம்.

கோழி வளர்த்தவங்களுக்கு செள்ளு தெரியும். அதுல ஒரு வகை, பகல்ல மரச்சந்து, பானை விரிசல், பெர்ச்சு நுனின்னு ஒளிஞ்சிருந்துட்டு ராத்திரி மட்டும் வந்து ரத்தம் குடிச்சிட்டு போயிடும். அதனால பகல்ல பறவையை பிடிச்சு பாத்தா ஒண்ணும் தெரியாது, ஆனா பறவை ராத்திரி பானைக்குள்ள போக மாட்டேங்குது, குஞ்சு வெளுத்துப் போய் சாகுதுன்னா சந்தேகப்படுங்க. பழைய வெள்ளை வேட்டி ஒண்ணை ராத்திரி பெர்ச்சு பக்கமா மெஷ்ஷை ஒட்டி போட்டு வச்சு விடியுறதுக்கு முன்னாடி டார்ச் அடிச்சு பாருங்க, மடிப்புல சிவப்பா புள்ளி புள்ளியா ஊர்ந்தா அதே தான். பெர்ச்சு, பானை, பெட்டி எல்லாத்தையும் வெளிய எடுத்து கொதிக்கிற தண்ணி ஊத்துங்க, மரச்சட்டத்து சந்தெல்லாம் பிரஷ் போடுங்க, ஒரு வாரத்துல திரும்ப செய்யுங்க, ஏன்னா முட்டை பொரிஞ்சு அடுத்த கூட்டம் வந்துடும். பறவை மேல அடிக்கிற மருந்தை டாக்டர் கேட்டு தான் போடணும், நாய்க்கு வாங்கினது மாட்டுக்கு வாங்கினதெல்லாம் அளவு தெரியாம அடிச்சா 30, 40 கிராம் இருக்கிற உசுரு தாங்காது. அலகைச் சுத்தி வெள்ளையா ஸ்பாஞ்ச் மாதிரி படிஞ்சா அது வேற பூச்சி, அதுக்கும் டாக்டர் தான்.

எறும்புக்கு ஸ்டாண்டு கால் நாலையும் தண்ணி டப்பாவுல வைக்கிறது நல்ல வழி, ஆனா அந்த டப்பா தண்ணியில தான் டெங்கு கொசு முட்டை வைக்கும், ரெண்டு நாளைக்கு ஒரு தடவை கொட்டி டப்பா ஓரத்தை தேய்ச்சு திரும்ப ஊத்துங்க. எறும்பு சாக்பீஸ் பூச்சி மருந்து, உள்பக்கம் கோடு போடாதீங்க. கொசு பறவைங்களுக்கும் அம்மை நோய் பரப்பும், அதனால ராத்திரிக்கு மெஷ் மேல கொசுவலை போட்டு விடுறது பறவைக்கு நல்லது. எலிக்கு ஒரே மருந்து கீழ தீனி சிந்திக் கிடக்காம பாத்துக்கிறது தான், எலி வந்தா பின்னாடியே பாம்பு வரும், தனி வீடா இருந்தா இது கதை இல்ல நிஜம். மெஷ்ல அரை இஞ்ச் கேப் இருந்தாலே சுண்டெலி நுழைஞ்சிடும். எலி விஷம் வைக்காதீங்க, கூண்டுப் பொறி வைங்க.

சென்னைப் பக்கம் அக்டோபர்ல இருந்து டிசம்பர் வரைக்கும் தான் சோதனை காலம். தார்ப்பாய் போட்டு நாலு பக்கமும் மூடிடுறாங்க, உள்ள ஈரமும் எச்சத்து வாடையும் சேர்ந்து கண்ணு எரியும். சாரல் அடிக்கிற பக்கம் மட்டும் மூடுங்க, எதிர் பக்கம் மேல ஒரு அடியாவது திறந்து விடுங்க. இந்த மாசங்கள்ல தண்ணி விட்டு கழுவுறதையே நிறுத்திடுங்க, சுரண்டி, ஈரத்துணியால துடைச்சு, பேப்பர் மாத்தினா போதும். தினை மூட்டையா வாங்காதீங்க, கொஞ்சமா வாங்கி காத்து புகாத டப்பாவுல வைங்க, மக்கின வாடை வந்தா, கட்டி கட்டியா இருந்தா, வெயில்ல காய வச்சு போட்டுடலாம்னு நினைக்காம அப்படியே குப்பையில கொட்டுங்க, பூஞ்சை விட்ட விஷம் வெயில்ல போகாது. கடல் நுரை (சுண்ணாம்புச் சத்துக்காக பறவை கொத்துறதுக்கு வைக்கிற கணவாய் ஓடு) ஈரம் பட்டு கருத்திருந்தா அதையும் மாத்திடுங்க, நாட்டு மருந்து கடையில கிடைக்கும், விலை ஒண்ணும் பெருசு இல்ல.

வெயில் காலத்துல நேர்மாறு. அக்னி நட்சத்திரம் சமயத்துல மதியம் வாயைத் திறந்து ரெக்கையை விரிச்சு நின்னா சூடு தாங்கலைன்னு அர்த்தம், மேல கிரீன் நெட் ரெண்டு அடுக்கா போட்டு கோணியை நனைச்சு வெளிப்பக்கம் கட்டுங்க, குளிக்க அகலமான மண் தட்டுல ஒரு இஞ்ச் தண்ணி வைங்க, ஃபிஞ்சஸ் ஆடுற ஆட்டத்துல தரையெல்லாம் ஈரமாகும், அதனால மதியம் 3 மணிக்கு தட்டை எடுத்துடுங்க. தீபாவளிக்கு பட்டாசு புகை மாடிக்கு தான் வரும், அந்த ரெண்டு நாள் முடிஞ்சா பறவைங்களை சின்ன கூண்டுல வீட்டுக்குள்ள மாத்துங்க, அந்த சமயத்துலயே காலி ஏவியரிக்கு பிளீச் ரவுண்டையும் முடிச்சிடலாம். காக்டெயில் இருட்டுல பயந்து அடிச்சுக்கிட்டு ரத்தக்காயம் ஆக்கிக்கும், சின்ன நைட் லேம்ப் ஒண்ணு எரியட்டும்.

இன்னொண்ணு, பச்சைக்கிளி, மைனா மாதிரி நம்ம நாட்டுப் பறவைங்களை யாராவது கொடுத்தாங்கன்னு ஏவியரியில சேக்காதீங்க, 1972 வனஉயிர் பாதுகாப்பு சட்டப்படி அது குத்தம்.

புதுசா வாங்கிட்டு வர்ற பறவையை ஒரு மாசம் தனி கூண்டுல, ஏவியரியில இருந்து தள்ளி, முடிஞ்சா வேற ரூம்ல வைங்க. கடைக்காரர் நல்ல பறவைன்னு சொன்னாலும் சரி, ஃப்ரெண்டு வீட்டு பறவையா இருந்தாலும் சரி. அதுக்குன்னு தனி கிண்ணம், தனி பிரஷ், தனி துணி. காலையில சுத்தம் பண்ணும்போது முதல்ல ஏவியரியை முடிச்சிட்டு கடைசியா தான் அந்த தனி கூண்டை தொடணும், தொட்டப்புறம் கைய கழுவி சட்டையையும் மாத்திட்டு தான் திரும்ப பழைய பறவைங்க பக்கம் போகணும்.